பன்னிரண்டுதான் வரணும்

"திரும்பவும் பூச்சியம்தான் வருது குமாரி."

போனில் நுஸ்காவின் குரல் அழாத குறையாக இருந்தது.

தேயிலைத் தோட்டத்துத் தண்ணீர் டேங்க் மேலே ஏறி நின்றால்தான் கிருஷ்ணகுமாரிக்கு சிக்னல். அங்கிருந்தே கத்தினாள்.

"பன்னிரண்டு வரணும்டி. x மட்டுந்தான் மாறணும், y மூணுலயே அசையாம நிக்கணும். y-க்கு மூணு போட்டியா?"

"அதையும் போடணுமா?"

"நல்லா கேட்ட போ. போடு."

போனில் பட்டன் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "வந்துட்டு, பன்னிரண்டு வந்துட்டு" என்று நுஸ்கா கூவ, குமாரி டேங்க் மேலேயே ஓர் ஆட்டம் போட்டாள்.

இருவரும் கெம்பஸில் முதல் வருடம். பகுதி வகையீட்டுக் கணக்கை கிராஃபிங் கல்குலேட்டரில் போட்டுக் காட்ட வேண்டிய பரீட்சை திங்கட்கிழமை. கோட்டை விட்டால் அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார வேண்டியதுதான்.

பரீட்சைக்கு மெசினைக் கெம்பஸ் கொடுக்கும். பழகுவதற்குச் சொந்தமாக வைத்திருப்பது நுஸ்கா மட்டும். இரத்தினபுரி டவுனில் அவள் வாப்பாவுக்கு மாணிக்கக் கடை. கொண்டு போய்ப் பழகு என்று குமாரியிடம் நீட்டத்தான் செய்தாள். "ஒடைஞ்சு போனா நாம எங்க போறது?" என்று குமாரியின் அம்மா மருதாயி தடுத்துவிட்டாள்.

அடுத்த நாளே நுஸ்கா, மெசினோடு வந்த விளக்கப் புத்தகத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டாள். "எனக்கு இது வெளங்கல்ல. நீ படிச்சு சொல்லித் தா."

அன்றிலிருந்து குமாரியைப் பிடித்தது சனி. ஒரு நாள் சைன் கணக்கில் ரேடியனுக்குப் பதில் டிகிரி. மறுநாள் அடைப்புக்குறியை மூடாமல் ஒரே புலம்பல். கையில் இல்லாத மெசினுக்குக் குமாரி டேங்க் மேல் நின்று வைத்தியம் பார்த்தாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு கீழே லயத்து வீடுகள் வரைக்கும் கேட்டது.

மருதாயிக்கோ பற்றிக்கொண்டு வந்தது. "மெசினு அந்தப் புள்ள கையில, மூள மட்டும் ஒங்கிட்டயா? ஒம் படிப்பு என்னாகுறது?"

"பாவம்மா, அது சரியான மக்கு."

திங்கட்கிழமை மெசின் கைக்கு வந்ததும் குமாரியின் விரல்கள் தாமாக ஓடின. y நின்றது, ரேடியன் வந்தது, அடைப்புக்குறி மூடியது. முதல் ஆளாக எழுந்தாள். திரையைப் பார்த்த சேர், "நியமய்" என்று சிங்களத்தில் மெச்சிக்கொண்டார்.

தலைகால் புரியாத சந்தோஷத்தில் அன்று மாலை நுஸ்காவுக்குக் கோல் எடுத்தாள். பேசியது அவள் உம்மா றமீலா.

"அவ தொழுறா புள்ள."

"பரீட்சை எப்படிச் செஞ்சாளாம்? பாவம், தடுமாறியிருப்பா."

"தடுமாறுறதா?" றமீலா குரலைத் தாழ்த்தினார். "நானும் ஒங்ககிட்ட கேக்கணும்னுதான் இருந்தேன். தம்பிக்குச் சொல்லிக் குடுக்கக்குள்ள அந்த மெசின்ல டக்கு டக்குனு சரியா அடிக்கிறா. ஒங்களுக்குக் கோல் எடுக்க முந்தி மட்டும் ஒக்காந்து, யோசிச்சு யோசிச்சுப் பிழையா அடிக்கிறாளே, அது என்ன புள்ள படிப்பு?"