புடவை ஸ்டுடியோ

"அம்மா புடவையில ஒண்ணுகூட இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது. சொல்லிட்டேன்," என்றான் ப்ரசன்னா.

தலைநகரின் துவாரகா பகுதியிலிருந்து இரண்டு காலிப் பெட்டிகளோடு வந்திருந்த பிரியதர்ஷினி தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். நேற்றுதான் அம்மாவின் வருஷாப்திகம், முதல் வருஷத் திதி, முடிந்திருந்தது. சித்திக்கு எது, அத்தைக்கு எது, கோயிலில் கொடுக்க எது என்று மெட்ரோவில் வரும்போதே மனசுக்குள் பிரித்து வைத்திருந்தாள்.

"உனக்கு எதுக்குடா புடவை? கட்டிக்கப் போறியா?"

"ரெக்கார்டிங்குக்கு வேணும். புடவை தொங்கினாதான் எதிரொலி வராது. எடுத்துட்டா அந்த ரூம் வெறும் தகர டப்பா."

சோபாவில் பேப்பரைக் கைக்கு எட்டிய தூரத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார் அப்பா சந்திரமௌலி.

"எடுத்துண்டு போம்மா ப்ரியா. வெச்சுண்டு என்ன பண்றது? ஜல்தி முடிச்சுட்டு வா, சாப்பிடலாம். என் கண்ணாடியை யாராவது பார்த்தேளா?"

"கேட்டியா? அப்பாவே சொல்றார்."

"அப்பா சொல்லுவார். பாடறது நான்."

பிரியதர்ஷினிக்குச் சுருக்கென்றது.

ப்ரசன்னா ஹிந்தியும் தமிழும் கலந்து ராப் பாடுகிறவன். எழுதுவதும் அவனே, லேப்டாப்பில் தாளம் கோப்பதும் அவனே, மேடையேறிப் பாடுவதும் அவனே. பின்னால் மியூசிக் கம்பெனி எதுவும் கிடையாது. "பரீட்சை எழுதுடான்னேன். இவன் பாட்டு எழுதினான்," என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். இந்த ஜனக்புரி ஃப்ளாட்டின் சின்ன அறைதான் ஸ்டுடியோ.

அந்த ஸ்டுடியோவைக் கண்டுபிடித்ததே அம்மாதான். ப்ரசன்னா கல்லூரியில் படித்தபோது, ஒரே வரியை நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிக் கத்திக்கொண்டிருந்தான். கீழ் வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி மாடியேறி வந்து, பையனுக்கு உடம்பு சரியில்லையா என்று கவலையாக விசாரித்துவிட்டுப் போனாள். அம்மா சுவர் அலமாரியின் கதவுகளைத் திறந்து, தொங்குகிற புடவைகளுக்கு நடுவே அவனைத் தள்ளினாள்.

"இதுக்குள்ள மூஞ்சிய வெச்சுண்டு கத்து. ஊருக்குக் கேக்காது."

ஊருக்குக் கேட்கவில்லை. மைக்கில் மட்டும் குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி அத்தனை சுத்தமாக விழுந்தது. அன்றிலிருந்து அவன் பாடும்போதெல்லாம், மே மாத வெக்கையில்கூட, அம்மா ஃபேனையும் கூலரையும் அணைத்துவிடுவாள். குக்கர் அடுப்பேறாது. பேப்பரால் விசிறிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருப்பாள். பாட்டு முடிந்ததும் எட்டிப் பார்த்து, "ஆச்சா? பருப்பு வைக்கட்டுமா?" என்பாள். அவளுடைய விமரிசனம் அவ்வளவுதான்.

அதெல்லாம் அம்மா இருந்தபோது. இப்போது அவள் கட்டிய புடவை, எதிரொலி வராமல் சுவரில் அடிக்கிற பஞ்சாகிவிட்டதா?

"உனக்கு அது அம்மா புடவையாவே தெரியலை. ஏதோ சாமானாத்தான் தெரியறது," என்றாள்.

அப்பா பேப்பரைத் தாழ்த்தினார்.

"சரி, விடு ப்ரியா. தொழிலுக்கு வேணுங்கறான். இருந்துட்டுப் போகட்டும்."

"இப்பத்தானேப்பா எடுத்துண்டு போன்னேள்?"

"சொன்னேன். அவன் கேக்க மாட்டேங்கறானே," என்று மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

ஒன்றையாவது எடுக்காமல் போவதில்லை என்று சின்ன அறைக்குள் நுழைந்தாள் பிரியதர்ஷினி.

அலமாரியைத் திறந்ததுமே அம்மாவின் வாசனை. சந்தன சோப்பு, அந்துருண்டை, கொஞ்சம் தேங்காயெண்ணெய். அரக்குச் சுங்குடி கையில் பட்டது. மோதி பாக் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்த நாட்களில், குளிருக்கு இந்தப் புடவைமேல் அப்பாவின் பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, சாக்ஸும் ஹவாய் செருப்புமாக அம்மா புல்தரை வெயிலில் பட்டாணி உரிப்பாள். "நம்ம மனுஷா யாராவது பார்த்தா சிரிப்பா" என்று சொல்லிக்கொண்டே முதலில் சிரிக்கிறவள் அவள்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டபோதுதான் கவனித்தாள். அலமாரிக்குள் மைக்கைக் காணோம். ஒரு ஒயர்கூட இல்லை.

மைக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. துணி உலர்த்தும் ஸ்டாண்டுகள் இரண்டைச் சேர்த்து நிறுத்தி, மேலே பஞ்சு அடைத்த கனமான ரஜாயைப் போர்த்தி, ஒரு கூடாரம். அதற்குள் மைக், ஹெட்போன், பாதி குடித்த தண்ணீர் பாட்டில்.

ப்ரசன்னா பின்னாலேயே வந்து நின்றான்.

"இங்கயா பாடறே?"

"அம்மா போனதுலேர்ந்து இங்கதான். ரஜாய்ல சவுண்ட் இன்னும் நன்னாவே இருக்கு."

"அப்ப புடவை எதுக்குடா?"

அவன் ஹால் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டான். குரல் இறங்கியது.

"விடிகாலம்பற, நான் தூங்கறேன்னு நினைச்சுண்டு அப்பா வருவார்க்கா. அலமாரியைத் திறந்துண்டு கொஞ்ச நேரம் நிப்பார்."

சொல்லிவிட்டு, புடவைகளை மெல்ல ஒதுக்கி, பின்னாலிருந்த தட்டிலிருந்து அப்பாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"கொண்டுபோய்க் குடு. டிவிக்குப் பின்னால கிடந்ததுன்னு சொல்லு."