மகள் காட்டிய வீடு

“இப்ப கிச்சனைக் காட்டு கண்ணு. சார் பார்க்கணும்ங்கறார்.”

சார் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவர் பக்கத்து வீட்டுக்காரர். போன வாரம் தன் மகனின் வீட்டை, கார் நிறுத்தும் இடம் உட்பட, வீடியோ காலில் காட்டி முடித்தவர். அதற்குப் பதில் மரியாதையாக இன்று அவரைப் பிடித்து வந்து சோபாவில் உட்காரவைத்திருந்தார் அப்பா.

அம்மா இருவருக்கும் பின்னால் நின்றிருந்தாள். போன் டீப்பாய் மேல் பூச்சாடியில் சாய்ந்திருந்தது.

தூரதேசத்து மகளின் வீடு திரையில் ஆடியாடி நகர்ந்தது. சாம்பல் நிற சோபா. அகலமான ஜன்னல். சுவரோடு ஒட்டிய பெரிய டிவி. குடிபோய் வருடம் ஒன்று ஆகப்போகிறது. கேட்கும்போதெல்லாம், இன்னும் சாமானே அடுக்கலப்பா என்று தள்ளிப்போட்டவள், இன்றுதான் ஒருவழியாக மசிந்திருந்தாள்.

“எத்தனை சதுர அடி வரும்?” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

“உங்க பையன் வீட்டைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அதுக்கென்ன பண்றது சார்.”

மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. முகம் தெரியவில்லை.

சமையலறை இருட்டாக இருந்தது. ஒரு கை சுவரைத் தடவி சுவிட்சைப் போட்டது. பின்னால் ஹாலில் விளக்கு எரிந்தது. இன்னொன்றைப் போட்டாள். அதற்குப் பிறகுதான் சமையலறை வெளிச்சமானது.

அம்மா அதைப் பார்த்தாள். அவசரத்தில் யாருக்கும் வருகிற தடுமாற்றம்தான் என்று விட்டுவிட்டாள்.

“மாப்பிள்ளை எங்கம்மா?”

“ஆபீஸ்ப்பா.”

“ஞாயித்துக்கிழமையுமா! உழைப்பாளி சார். எங்ககிட்டப் பேசக்கூட நேரம் இருக்காது அவருக்கு. சரி, நீ அப்படியே ஒரு காபி போட்டுக்கோ. உன் கிச்சன்ல நீ நிக்கறத நாங்க பார்க்க வேணாமா?”

மகள் போனை எதன்மீதோ சாய்த்துவைத்தாள். இப்போது முகம் தெரிந்தது. இளைத்திருந்தாள்.

கெட்டில் சுவிட்சைத் தட்டினாள். கொக்கியில் தொங்கிய கப்பை எடுத்தாள். பேசிக்கொண்டே ஒரு டிராயரை இழுத்தாள். உள்ளே மடித்த துணிகள். மூடினாள். அடுத்ததில் பேட்டரிகளும் பாட்டில் மூடிகளும். மூன்றாவதையும் திறந்து மூடினாள். சிரிப்பை மட்டும் ஒரு கணம்கூட நழுவவிடவில்லை. கடைசியில், பாத்திரம் காயவைக்கும் கூடையில் கிடந்த முள்கரண்டியால் காபியைக் கலக்கினாள்.

அம்மாவின் கண் அந்த முள்கரண்டியிலேயே நின்றது.

ஒரு பெண் கட்டியவனின் மனம் தெரியாமல் காலம் முழுக்க இருந்துவிடலாம். ஸ்பூன் எங்கே இருக்கிறதென்று கைக்குத் தெரியாமல் ஒரு மாதம்கூட இருக்க முடியாது.

இது அவள் வீடு இல்லை.

கோடையில் ஒருநாள் மகள் போன் செய்து, நான் அங்கேயே வந்துடட்டுமாம்மா என்று கேட்டாள். அம்மா வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். புருஷன் பொண்டாட்டின்னா நாலும் இருக்கும், நீதான் அனுசரிச்சுப் போகணும் என்றார். அதற்குப் பிறகு மகள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பிக்கொள்வது அம்மாவுக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது.

இப்போது வாய்விட்டுக் கேட்டால் தீர்ந்தது. அப்பா துருவித் துருவியே மகள் இருக்கும் இடத்தை அவள் வாயிலிருந்து வாங்கிவிடுவார். வாங்கிய கையோடு மாப்பிள்ளையிடம் சொல்லிவிடுவார், நல்லது செய்வதாக நினைத்து.

அம்மா இருவருக்கும் நடுவே குனிந்தாள்.

“நீ படுக்கற ரூம் எப்படிம்மா இருக்கு?”

முள்கரண்டி நின்றது. மகள் நிமிர்ந்தாள். இரண்டு ஆண்களின் தலைகளுக்கு நடுவே தெரிந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“சின்னதும்மா. ஜன்னல்கூட இல்ல.” குரல் தாழ்ந்தது. “ஆனா உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கு.”

அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். “கேட்டீங்களா சார்! மாளிகை மாதிரி வீட்டை வெச்சுக்கிட்டு மகாராணி சின்ன ரூம்ல படுக்கறாங்களாம்.”

“தூக்கம் வருதா?” என்றாள் அம்மா.

“இப்பத்தாம்மா வருது.”

“அந்த ரூமையும் காட்டு கண்ணு, பார்ப்போம்,” என்றார் அப்பா.

மகளின் சிரிப்பு முதல்முறையாக நின்றுபோனது. கண்கள் அந்தச் சமையலறையை ஒரு சுற்றுச் சுற்றின.

சோபாவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் கை நீண்டது. போனை எடுத்து, சிவப்புப் பொத்தானை அழுத்தியது.

“லைன் போயிடுச்சு.”

“மறுபடி போடு. சார் உட்கார்ந்திருக்கார்ல?”

“வேணும்னா அவளே கூப்பிடுவா,” என்றாள் அம்மா.

போனை அவரிடம் கொடுக்கவில்லை.