பெரியவர் வரும் நேரம்

பெரியவர் வருவதற்குள் பதிலைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஒரு கையில் சுத்தியலும் மறுகையில் போனுமாகச் சானமாவுக் காட்டுப் பாறையின் முன்னால் நின்றாள் கல்லூரி மாணவி இரம்.

பெரியவர் என்றால் ஜியாலஜி பேராசிரியர் ராஜப்பன். பயத்தில் மாணவர்கள் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை ஆளுக்கொரு கேள்வி கொடுத்து ஆளுக்கொரு பாறையில் நிறுத்திவிட்டு, ஒவ்வொருவரிடமாக வந்து வைவா கேட்பார். மேடு ஏறினால் அவருக்குப் புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கும். அந்தச் சத்தம் கேட்டாலே பாதிப் பேருக்குப் படித்தது மறந்துபோகும்.

இரமுக்குக் கிடைத்த கேள்வி, "இந்தப் பாறையில ஒரு பக்கம் மட்டும் வழுவழுன்னு இருக்கே, எதனால?"

போன செமஸ்டரிலேயே ஃபெயில். இன்றும் கோட்டைவிட்டால் அத்தா ஷௌகத் அலி படிப்பை நிறுத்தி வேலைக்குப் போ என்று ஓசூர் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிடுவார். சொன்னால் செய்கிற மனுஷர்.

தண்ணீரா? பக்கத்தில் ஓடையே இல்லை. காற்றா? காற்று என்ன, ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துப் பார்த்தா தேய்க்கும்? ஏதோ ஒன்று உரசியிருக்கிறது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் தலைக்கு மேல் எட்டித் தொட்டாள். செம்மண் சேறு, இன்னும் ஈரமாக. பல வாரமாக மழையே பெய்யாத ஊரில் அவ்வளவு உயரத்தில் சேறு எப்படி வந்தது? குழப்பத்தில் பயம் இன்னும் கூடியது.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பூவம்மாள் அவளைப் பார்த்து நின்றாள்.

"இங்க என்ன பண்ற கண்ணு? பெரியவரு வர்ற நேரமாச்சே."

"தெரியும்க்கா. அவருக்காகத்தான் நிக்கறேன்."

"அவருக்காகவா? ஒத்தையிலயா? ரொம்பக் கோவக்காரராச்சே!"

"எனக்குத் தெரியாதா? போனவாட்டியே என்னைத் தூக்கி அடிச்சிட்டாரு."

பூவம்மாள் அவளை உச்சந்தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு, ஆடுகளைக்கூட மறந்து ரோட்டுப் பக்கம் ஓட்டமெடுத்தாள். வருஷா வருஷம் வருகிறவர் அல்லவா, ஊருக்கே அவரைத் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் இரம்.

சிறிது நேரத்தில் முதுகுக்குப் பின்னால் புஸ்... புஸ்ஸென்று மூச்சு கேட்டது.

வந்துவிட்டார். திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தாள்.

"சார், இது உராய்வு சார். ஏதோ ஒண்ணு ரொம்ப வருஷமா இதுல உரசிக்கிட்டே இருக்கு சார். அது என்னன்னு மட்டும் தெரியல சார்."

பின்னாலிருந்து வந்த மூச்சுக்காற்றில் அவள் தலையில் இருந்த முக்காடு அசைந்தது. போச்சு, இந்தத் தடவையும் ஃபெயில்தான் என்று முடிவே கட்டிவிட்டாள்.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. கண்ணைத் திறந்து பார்த்தாள். ராஜப்பன் சார்!

பின்னால் நிற்கிறவர் எதற்குப் போன் செய்கிறார்? ஒன்றும் புரியாமல் காதில் வைத்தாள். எல்லாரையும் நடுங்க வைக்கிற அந்தக் குரல் கிசுகிசுப்பாக நடுங்கியது.

"அசையாதம்மா... அந்தப் பாறையில முதுகு தேய்க்கிற ஆனை உன் பின்னாடி நிக்குது."