அம்மாவுக்குப் பிடித்த பாட்காஸ்ட்

"சீரியல்ல ஒரே அழுகைடி. இந்தக் காமெடி பாட்காஸ்ட்தான் உருப்படியா இருக்கு" என்பாள் அம்மா.

ஒருவர் எந்த ஜோக்குக்குச் சிரிக்கிறார் என்று அவருடைய இயர்போன் வழியாகவே கவனித்து, மறுநாள் அவருக்கு அதையே இன்னும் கூட்டிச் சொல்லும் நிகழ்ச்சி அது. எனக்கு வருவதெல்லாம் மேனேஜர் ஜோக்.

இன்று அவசரத்தில் அம்மாவின் இயர்போனை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

விவாகரத்தாகி, என்னைப் போலவே அம்மா வீட்டுக்குத் திரும்பிவிட்ட ஒருத்தியைப் பற்றி இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் மறுசோறு போட்டுக்கொள்வது, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுவது. அந்த அழுகையை ஒருவன் நடித்தே காட்டினான்.

குழாயைத் திறந்துவிட்டால் வெளியே கேட்காது என்று நினைத்திருந்தேன்.

சாயங்காலம் இயர்போனைத் திருப்பிக் கொடுத்தபோது, "கேட்டியா? குழாயத் திறந்துவிட்டு அழுவாளே, அந்த இடம் வந்துதா?" என்றாள் அம்மா. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.