முழங்கால் உயரத்தில் ஒரு கேமரா

“திருடன் என்ன தவழ்ந்துக்கிட்டா வருவானுங்க? இத்தனை தாழ அடிக்கறீங்க!”

மனைவி சூசைமேரி கேட்டதற்குப் பாக்கியராஜ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்னறைச் சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், ஒரு பலகையை வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

செல்போன் கடை ரிஃபத்துக்கும் சிரிப்பு வந்தது. “அக்கா சொல்றது நெசந்தானுங்கண்ணா. கதவுக்கு மேல மாட்டுனா ஊடு முழுக்கத் தெரியும்.”

“நீ கேமராவைப் பண்ணிக் குடு தம்பி. எங்க அடிக்கோணும்னு எனக்குத் தெரியும்.”

கேமரா என்று புதிதாக எதுவும் வாங்கவில்லை. மகள் லின்சி காலேஜில் படித்தபோது வாங்கிய டேப்லெட்தான். ஓரத்தில் கண்ணாடி கீறிப்போய், இரண்டு வருசமாகப் பீரோவுக்குள் கிடந்தது. ரிஃபத் அதில் ஒரு சிம்மைப் போட்டு, ஒரு ஆப்பை ஏற்றி, அதே ஆப்பைப் பாக்கியராஜின் போனிலும் ஏற்றினான்.

“சார்ஜரைச் சொருகியே வைங்க. டேப்பு பார்க்கறதெல்லாம், நீங்க எந்த ஊர்ல இருந்தாலும் போன்ல தெரியும். படம் மட்டுந்தான், சத்தம் வராது. யாராச்சும் வயரைப் புடுங்குனா உங்க போன்ல மணி அடிச்சுப்போடும். இப்ப ஒரு பாஸ்வேர்டு போடுங்க.”

பாக்கியராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினார். நாற்பத்தைந்து வயசில் எழுத்துக் கூட்டப் பழகிய விரல். கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவள் லின்சி. அந்தப் பேரை இப்போது அந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

“மேரி, அது முன்னால போய் நில்லு.”

நின்றாள். ரிஃபத் போனை எட்டிப் பார்த்தான். “அண்ணா, அக்காவோட சீலைக் கரைதான் தெரியுது. மொகமே காணோம்.”

“அது போதும்.”

“நல்லாருக்குது போங்க,” என்றாள் சூசைமேரி. “திருடன் செருப்பைப் பார்த்துப் புடிச்சுக் குடுப்பீங்களாக்கும். நம்மூட்டுல என்ன கெடக்குது, ரெண்டு மூட்டை பனியனும் பிசிறு வெட்டற கத்திரியுந்தான?”

வாய்தான் சிரித்தது. அவள் பயந்தது திருடனுக்கு இல்லை, புதன்கிழமைக்கு.

இரண்டு வருசத்துக்கு முன்னால் லின்சி, கூட வேலை பார்த்த மனோஜ்குமாரை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். “செத்தாலும் உன்ற மொகத்துல முழிக்க மாட்டேன்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார் பாக்கியராஜ். பங்குச் சாமியார் வந்து பேசியும் மனுசன் இறங்கி வரவில்லை.

ஆனால் குழந்தை பிறந்த பிறகு, புதன்கிழமை தோறும், அவர் சோமனூர்த் தறிக்குடோனுக்கு வேலைக்குப் போனதும் லின்சி குழந்தையோடு பஸ் ஏறி வந்துவிடுவாள். மத்தியானம் வரைக்கும் இருப்பாள். அவள் போனதும் சூசைமேரி பாயைச் சுருட்டி, தரையைத் துடைத்து, பவுடர் வாசம்கூட இல்லாமல் பண்ணிவிடுவாள். போன வாரம் குழந்தையின் ஒற்றைக் கொலுசு தொலைந்ததுதான் குறை. வீட்டைப் புரட்டியும் கிடைக்கவில்லை.

‘வராத கண்ணு’ என்று சொல்லச் செவ்வாய்க்கிழமை மூன்று தரம் போனை எடுத்தாள். வாய் வரவில்லை.

புதன்கிழமை காலையில் ஒரு துண்டை எடுத்து டேப்லெட் மேல் தொங்கவிட்டாள். பத்து மணிக்கு லின்சி வந்தாள்.

“என்னம்மா, டேப்புக்கு முக்காடு போட்டிருக்கறே?”

“உங்கப்பா கேமரா வெச்சுப்போட்டாரு கண்ணு. குடோன்ல இருந்தே பார்ப்பாராமா.”

லின்சியின் சிரிப்பு பாதியில் நின்றது. “அப்ப நா இனி வரவேண்டாமாம்மா?”

சூசைமேரி பதில் தேடுவதற்குள், இறக்கிவிட்ட குழந்தை நேராகப் பலகைக்குத் தவழ்ந்து போய்த் துண்டின் நுனியைப் பிடித்தது. சூசைமேரி ஓடிப்போய்த் துண்டைப் பிடித்துக்கொண்டாள். அந்நேரம் பார்த்துப் போன் அடித்தது. அவர்தான்.

“கேமராவுல எதுக்குத் துண்டைப் போட்டே?”

தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய குரல். அறை முழுக்கக் கேட்டது.

“தூசி படியுமுன்னுங்க…”

போனுக்குள் தறி தடதடத்தது.

“கொலுசு எஞ்சட்டைச் சோப்புல இருக்குது மேரி. போன வாரமே கட்டிலுக்கடியில ஆப்புட்டுது.”

“ஏனுங்க, புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க, நாந்தான் வரச்சொல்லி…”

“அவ மொகத்துல முழிக்க மாட்டேன்னு சொன்னேன், சொன்னது சொன்னதுதான். அதுக்குத்தான் அத்தனை தாழ அடிச்சேன். அவ மொகம் தெரியாது, தவழ்ந்து வார திருடன் மட்டுந்தான் தெரிவான். துண்டை எடு.”

சூசைமேரி கையை விட்டாள். குழந்தை துண்டை இழுத்துக்கொண்டு டேப்லெட்டைப் பார்த்துச் சிரித்தது.

லின்சி மெல்ல வந்து, குழந்தைக்குப் பக்கத்தில், டேப்லெட்டுக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தாள். போனில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் கட் பண்ணவில்லை.