ராஜா அங்கி

நாடகக் குழுவுக்கு உடை தைக்கும் குணவதி, செத்துப்போன கணவர் சபாபதியின் ராஜா அங்கியை மேசைமேல் விரித்தாள். இன்று அதைப் போட்டு மேடையேறப்போகிற மாறன் ஒல்லிக்குச்சி. இடுப்பை வெட்டிச் சிறிதாக்கியே ஆக வேண்டும். அளவுநாடாவை வைத்ததும், உள்ளே யாருமில்லாத அங்கியின் வயிறு மெல்ல அமுங்கியது, கண்ணுகளா. அளவெடுக்கும்போதெல்லாம் சபாபதி வயிற்றை எக்கிக்கொள்வாரே, அதே மாதிரி.

"எக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? மூச்ச விடுங்க," என்றாள் பழைய பழக்கத்தில்.

அங்கி மெதுவாகப் புடைத்தது.

"அக்கா, இடுப்பப் பிடிச்சாச்சா? மணி அடிக்கப்போறாங்க!" என்று வெளியிலிருந்து மாறன் கத்தினான்.

"இருப்பா, வர்றேன்."

விரித்த கத்தரிக்கோலைத் துணியில் படாமல் பிடித்தபடி குணவதி குனிந்தாள்.

"வலிச்சா சொல்லிடுங்க," என்றாள்.