எழுதியாச்சு தம்பி!

ஒரு பெரிய கணினிக்குள், வெறும் மென்பொருளாகவே இயங்கும் ஒரு குட்டி மெய்நிகர் கணினி குடியிருந்தது. அது எந்தக் கோப்பைச் சேமிக்கக் கொடுத்தாலும் பெரியது உடனே, "எழுதியாச்சு தம்பி!" என்று குரல் கொடுக்கும்.

ஒருநாள் கரண்ட் போய் வந்தது. பார்த்தால், பாதிக் கோப்புகள் அலங்கோலம். சம்பளப் பட்டியலுக்கு நடுவில் கல்யாண போட்டோவின் மூக்கு மட்டும் கிடந்தது.

குட்டி அலறிக்கொண்டு பழுதுபார்க்கும் நிரலைக் கூப்பிட்டது. நிரல் எல்லாவற்றையும் குடைந்து பார்த்துவிட்டுப் பெரியதிடம் போனது.

"உண்மையைச் சொல்லுங்கண்ணே, எழுதினீங்களா?"

"நினைவுல சேர்த்து வச்சு, அப்புறமா வட்டுல சாவகாசமா எழுதலாம்னு இருந்தேன், கரண்ட் போயிடுச்சு. புள்ள மனசு நோகக்கூடாதேன்னு முன்னாடியே சொல்லிட்டேன்."

நிரல் தலையில் அடித்துக்கொண்டு, தேறின கோப்புகளை ஒட்டிச் சரிசெய்தது.

"அண்ணே, இதையாவது நிஜமாவே..." என்று நிரல் ஆரம்பித்தது.

"எழுதியாச்சு தம்பி!"